வேகத்தைக் கூட்டலாமா?
கணிப்பொறி வாங்கும் குடும்பத்தினர் கவனத்திற்கு

வீட்டுக்கு ஒரு கணிப்பொறி வாங்குவதென்று முடிவானதும், கல்லூரியில் படிக்கும் பிள்ளை கையில் ஒரு பட்டியலோடு வந்து நிற்கிறான். "வாப்பா, இன்னும் கொஞ்சம் பணம் கூடப் போட்டால் 'கே' எழுத்துள்ள பிராசஸராக வாங்கலாம். அதற்கேற்ற மதர்போர்டையும் வாங்கிவிட்டால், கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலேயே ஓட்டலாம்" என்கிறான்.

தந்தைக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சொன்ன வேகத்துக்கு மேல் ஒரு பொருள் ஓடுமென்றால், அந்த வேகத்தைக் கம்பெனியே ஏன் சொல்லவில்லை? அப்படி ஓட்டினால் பொருள் கெட்டுப் போகாதா? இரண்டும் நியாயமான ஐயங்களே. பிள்ளை சொல்வதும் பொய்யன்று. இதற்கு 'ஓவர்க்ளாக்கிங்' என்று பெயர். இது என்ன, இதனால் கிடைப்பது எவ்வளவு, இழப்பது எவ்வளவு, இதில் மதர்போர்டின் பங்கு யாது என்பவற்றைப் பணம் கொடுக்கும் முன்பே தந்தையும் பிள்ளையும் சேர்ந்து தெரிந்துகொள்வது நலம். வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதால் பயன் குறைவு.

கடிகாரமும் பெருக்கெண்ணும்

கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர், தாளம் தவறாத ஒரு துடிப்புக்கு ஏற்பவே வேலை செய்கிறது. தோணியில் துடுப்புப் போடுவோர் ஒருவர் கொடுக்கும் குரலுக்கு இசைந்து கைகளை அசைப்பதைப் போல, சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இத்துடிப்புக்கு இசைந்து திறந்து மூடுகின்றன. குரல் விரைந்தால் தோணி விரையும். அளவு கடந்து விரைந்தாலோ துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

இந்தத் துடிப்பு இரண்டு எண்களின் பெருக்கலால் அமைகிறது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. பிராசஸருக்குள் இருக்கும் பெருக்கெண் மற்றொன்று. இன்றைய கணிப்பொறிகளில் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண் 45 என்றால் வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.5 ஜிகாஹெர்ட்ஸ். இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றைக் கூட்டினால் வேகம் கூடும். ஓவர்க்ளாக்கிங்கின் அடிப்படை இவ்வளவுதான்.

அப்படியானால் கூட்டுவதற்கு இடம் எங்கிருந்து வந்தது? ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சில்லுகள் எல்லாம் ஒரே திறன் உடையவை அல்ல. ஒரே மரத்து மாங்காய்களைப் போல அவற்றிலும் தேர்ந்தவையும் சுமாரானவையும் உண்டு. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். கடுமையான வெப்பத்திலும், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் தவறாமல் ஓடும் வேகம் எதுவோ அதையே முத்திரையிடுகிறார். மேலும், மலிவான வகைக்குத் தேவை மிகுந்திருக்கும்போது நல்ல சில்லுகளும் குறைந்த வேக முத்திரையோடு கடைக்கு வருவதுண்டு. முத்திரையிட்ட வேகத்துக்கும் சில்லின் உண்மைத் திறனுக்கும் இடையே இவ்வாறு ஓர் இடைவெளி இருக்கிறது. அது வீணாக விட்ட இடமன்று, பாதுகாப்புக்காக விட்ட இடம். ஓவர்க்ளாக்கிங் செய்பவர் அந்தப் பாதுகாப்பை எடுத்துச் செலவு செய்கிறார்.

1998ஆம் ஆண்டுச் செலரான்

இக்கலையைப் பெயர் பெறச் செய்தது, இன்டெல் நிறுவனம் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட 'செலரான் 300ஏ' என்னும் மலிவு விலைப் பிராசஸர். அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் வேகம் 450 மெகாஹெர்ட்ஸாகும். அதே மாதம் வெளிவந்த பெண்டியம் 2 வகையின் உயர்ந்த பிராசஸரின் வேகமும் 450தான். இரண்டின் விலைக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு. வாங்கியவர்களில் பெரும்பாலோர்க்கு இந்த ஐம்பது விழுக்காட்டு உயர்வு எளிதில் கைகூடியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மதர்போர்டின் பங்கு. அக்காலத்தில் ஹார்ட் டிஸ்க், விரிவாக்க அட்டைகள் ஆகியவற்றுக்கான துடிப்பும் அதே அடிப்படைத் துடிப்பிலிருந்தே வகுத்து எடுக்கப்பட்டது. அவற்றுக்கு உரிய அளவு 33 மெகாஹெர்ட்ஸ். 66ஐ இரண்டால் வகுத்தால் 33. 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு இவ்வாறு மூன்றால் வகுக்கவல்லது. ஆகவே பிராசஸர் விரைந்து ஓடியபோதும் மற்றவை தம் அளவில் அமைதியாக ஓடின. அதுவே 83 மெகாஹெர்ட்ஸில் வைத்து இரண்டால் வகுத்திருந்தால் ஏறத்தாழ 41 வந்திருக்கும். பிராசஸர் அதைத் தாங்கினாலும், ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படும் விவரங்கள் பிழைபட இடமுண்டு. அபிட் நிறுவனத்தின் 'பிஎச்6' போன்ற மதர்போர்டுகள் இம்மாற்றங்களைத் திரையில் எண்ணைத் தேர்ந்தே செய்ய வழி கொடுத்தமையால் புகழ் பெற்றன.

வேகத்தைக் கூட்டியது பிராசஸர். அதைத் தீங்கின்றிக் கூட்டச் செய்தது மதர்போர்டு. இந்த உண்மை இன்றும் மாறவில்லை.

பூட்டு வந்த கதை

இதே காலத்தில் இன்னொரு தொழிலும் நடந்தது. குறைந்த வேகப் பிராசஸரின் மேல் உள்ள எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, உயர்ந்த வேகத்தின் எண்ணை அச்சிட்டு, உயர்ந்த விலைக்கு விற்றனர் சில வணிகர்கள். வாங்கியவர் தம் கணிப்பொறி ஏன் அடிக்கடி நின்று போகிறது என்று தெரியாமல் திகைத்தார். பெருக்கெண்ணை வாங்குபவரோ விற்பவரோ மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியதற்கு இம்மோசடியும் ஒரு காரணம்.

இன்றும் அந்தப் பூட்டு இருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கோர் வரிசை முதல், பெரும்பாலும் பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ளவற்றுக்கே பெருக்கெண் திறந்து விடப்படுகிறது. அதே தலைமுறையில் மற்ற உறுப்புகளின் துடிப்பும் அடிப்படைத் துடிப்போடு பிணைக்கப்பட்டதால், அதைக் கூட்டும் பழைய வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஏஎம்டி நிறுவனம் 2017இல் தொடங்கிய ரைசன் வரிசையில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு இல்லை. எனினும் விதிவிலக்குகள் உண்டு. 2022இல் வந்த 'ரைசன் 7 5800எக்ஸ்3டி' பூட்டோடுதான் வந்தது. வாங்கும் எண்ணைக் குறித்து முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

வெப்பத்தின் கணக்கு

வேகம் கூடும்போது டிரான்சிஸ்டர்கள் நேரத்துக்குத் திறந்து மூட, சற்று அதிகமான மின்னழுத்தம் தேவைப்படுகிறது. துன்பம் தொடங்கும் இடம் இதுதான். பிராசஸர் உண்ணும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்க விகிதத்தில் கூடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டுகிறோம். 1.1ஐ 1.1ஆல் பெருக்கினால் 1.21. அதை 1.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.45. அதாவது 100 வாட் உண்ட பிராசஸர் இப்போது 145 வாட் உண்கிறது. வரவு 20, செலவு 45. அந்த 145 வாட்டும் வெப்பமாகவே வெளிவருகிறது.

வெப்பத்தை வெளியேற்ற விசிறியோ நீர்க்குளிர்விப்போ பொருத்தலாம். ஆனால் இவை எதுவும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க இயலாது. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் செய்த சோதனையின் முடிவு, மே மாதத்தில் 35 டிகிரியில் தகிக்கும் நம் வீட்டு அறைக்குப் பொருந்தாது. 2011இல் ஏஎம்டியின் எப்எக்ஸ்-8150 பிராசஸரை 8.429 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸ் பதிவு பெற்றார்கள் என்பது உண்மைதான். அதற்குத் திரவ ஹீலியத்தை ஊற்ற வேண்டியிருந்தது. அது பந்தயக் களத்துச் செய்தி, வீட்டுக்குரிய பாடமன்று.

மிகையான மின்னழுத்தமும் வெப்பமும் சில்லுக்குள் உள்ள நுண்ணிய கம்பிகளை மெல்ல அரிக்கின்றன. பத்தாண்டு உழைக்க வேண்டியது சில ஆண்டுகளில் தளர்ந்து போகலாம். இதைவிட வருந்தத்தக்கது, ஓசையின்றி நேரும் பிழை. எல்லைக்கோட்டில் ஓடும் பிராசஸர் எப்போதோ ஒருமுறை கணக்கில் தவறுகிறது. கணிப்பொறி நின்றுவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல், தவறான விவரத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டால்? கடையின் வரவு செலவும், மகளின் ஆய்வேடும், நிக்காஹ் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

மதர்போர்டைத் தேர்வது எப்படி?

முதலாவதாகப் பார்க்க வேண்டியது சாக்கெட். பிராசஸரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது சிப்செட். இன்டெல் பிராசஸரின் பெருக்கெண்ணைக் கூட்ட, 'கே' எழுத்துப் பிராசஸரோடு 'இசட்' எழுத்தில் தொடங்கும் சிப்செட்டும் வேண்டும். 'பி', 'எச்' எழுத்துச் சிப்செட்டுகள் பொதுவாக அதற்கு இடம் தருவதில்லை. ஏஎம்டியில் பி350 தொடங்கி பி450, பி550, பி650, பி850 ஆகியவையும், 'எக்ஸ்' எழுத்து வரிசையும் இடம் தருகின்றன. ஏ320, ஏ520, ஏ620 ஆகியவை தருவதில்லை. பி840 என்பதும் பெயரால் 'பி' எனினும் பிராசஸரின் வேகத்தைக் கூட்ட இடம் தருவதில்லை. 'கே' பிராசஸரும் 'பி' மதர்போர்டும் வாங்கி வந்தவர், திறவாத பூட்டுக்கு விலை கொடுத்தவராவார்.

மூன்றாவது, விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றினும் முதன்மையான உறுப்பு: மின்சீராக்கிப் பகுதி. பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ ஏறக்குறைய 1.2 வோல்ட். இதை மாற்றிக் கொடுப்பது, பிராசஸரைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு கறுப்புப் பெட்டிகளும், அவற்றோடு சேர்ந்த மாஸ்பெட்டுகளும் கெப்பாசிட்டர்களும் ஆகும். 150 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுப்பதென்றால் 125 ஆம்பியர் ஓட வேண்டும். உள்ளங்கையளவு இடத்தில் இவ்வளவு மின்னோட்டம்! மின்சீராக்கி எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளதோ, அத்தனைக்குச் சுமை பகிரப்படும். கட்டங்களின் எண்ணிக்கையோடு அவற்றின் தரத்தையும் பார்க்க வேண்டும். அவற்றின் மேல் கனமான உலோக வெப்பத்தகடு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்பதை யாரும் கண்ணால் பார்த்தே அறியலாம். தகடில்லாத மலிவு மதர்போர்டில் உயர்ந்த பிராசஸரைப் பொருத்தினால், மின்சீராக்கி சூடாகி, பிராசஸரின் வேகம் தானே குறையும். கூட்டப் போய்க் குறைந்த கதையாக முடியும்.

நான்காவது, தவறு நேர்ந்தால் மீளும் வழி. அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தான் அல்லது ஜம்பர், பிராசஸர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் வசதி, தயாரிப்பாளர் தொடர்ந்து பயாஸ் வெளியிடும் வழக்கம் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். பளபளக்கும் வண்ண விளக்குகளுக்கு இப்பட்டியலில் இடமில்லை.

நாம் கூட்டாமலே கூடும் வேகம்

இன்னொரு செய்தியை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த கோர் ஐ7 முதல், வெப்பத்துக்கும் மின்சுமைக்கும் ஏற்பப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் முறை பரவிற்று. முன்னர் நாம் எடுத்துக்கொண்ட இடைவெளியை இப்போது உற்பத்தியாளரே எடுத்து விற்கிறார். 2024 மார்ச்சில் வந்த 'கோர் ஐ9-14900கேஎஸ்' தொழிற்சாலையிலிருந்தே 6.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும்படி வெளிவந்தது. அன்று செலரானில் கிடைத்தது ஐம்பது விழுக்காடு. இன்று கையால் கூட்டிப் பெறுவது பெரும்பாலும் ஒற்றை இலக்கமே.

இடைவெளி குறுகிப் போனதன் விளைவையும் உலகம் கண்டது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகின. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் அமைப்பைத் தேர்ந்தபோது, மதர்போர்டுகள் சில, பிராசஸரின் ஒரு பகுதிக்கு மிகையான மின்னழுத்தம் கொடுத்தமையே காரணமாகக் கூறப்பட்டது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி புதிய பயாஸ் வழியாகக் கட்டுப்படுத்தியது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் பல நிலைதடுமாறின. தேவைக்கு மிகுதியான மின்னழுத்தமே காரணம் என்று இன்டெல் அறிவித்து, ஆகஸ்டு மாதம் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. ஆனால் அதற்குள் பழுதடைந்த சில்லை அத்திருத்தத்தால் குணப்படுத்த இயலவில்லை.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் பாதிக்கப்பட்டோர் பலர் வேகப்பித்துக் கொண்டவர்கள் அல்லர். வாங்கிப் பொருத்தி வேலை செய்தவர்கள். ஆகவே வேகத்தைக் கூட்டாதவர்களும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். புதிய கணிப்பொறியில் முதல் வேலையாகப் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மின்திறன் எல்லை பிராசஸர் உற்பத்தியாளர் விதித்த அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் போட்டி காரணமாக அந்த எல்லையைத் தாமே தளர்த்தி அனுப்புவதுண்டு.

செய்தே தீருவேன் என்பவர்க்கு

கற்கும் ஆர்வத்தால் ஒரு பிள்ளை இதைச் செய்ய விரும்பினால், அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. மின்னியலையும் வெப்பவியலையும் கைப்பட அறிய இது ஒரு நல்ல வழி. ஆனால் முறை தவறக்கூடாது.

முதலில், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பெருக்கெண்ணை ஒவ்வொன்றாகவே கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'பிரைம்95' போன்ற சோதனை நிரலைப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். பிரமாண்டமான பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்நிரல், விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பிராசஸர் தவறுகிறதா என்று காட்டிவிடும். நினைவகத்துக்கு 'மெம்டெஸ்ட்86' உண்டு. பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் ஒரு படி இறங்க வேண்டும். "ஒன்றுதானே" என்று விடலாகாது. வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டுவதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். வேகம் கூட்டியதால் நேரும் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பின்னொரு நாள் அந்தப் பிராசஸரை விற்க நேர்ந்தால், அது எப்படி ஓட்டப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். சில்லின் தேய்வு கண்ணுக்குத் தெரியாது. குறையை மறைத்து விற்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நம் இல்லங்களில் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பணத்தை எங்கே போடுவது?

கடிதம் எழுதுதல், கணக்கு, பாடம், இணையம் ஆகியவற்றுக்கு ஓவர்க்ளாக்கிங் தரும் பயன் கண்ணுக்குப் புலப்படாது. 'கே' எழுத்துக்கும் 'இசட்' மதர்போர்டுக்கும் தனிக் குளிர்விப்புக்கும் ஆகும் கூடுதல் தொகையை எஸ்எஸ்டிக்கும், போதிய நினைவகத்துக்கும், தரமான பவர் சப்ளைக்கும், மின்தடையைத் தாங்கும் யுபிஎஸ்ஸுக்கும் போட்டால், குடும்பத்தில் அனைவரும் அதன் பயனை அன்றாடம் உணர்வார்கள்.

மேலே போட்ட கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து விழுக்காடு குறைத்தால், மின்திறன் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைகிறது. வேகத்தில் இழந்த பத்தை யாரும் உணர்வதில்லை. குறைந்த வெப்பத்தையும் விசிறியின் அமைதியையும் வீடே உணர்கிறது. கோடை நீண்ட நம் ஊர்களுக்கு இந்தத் திசையே பெரிதும் பொருந்தும். ரைசன் மதர்போர்டுகள் பலவற்றில் 'எகோ மோடு' என்று இதற்கான அமைப்பே இருக்கிறது.

எனவே, பட்டியலோடு வந்து நிற்கும் பிள்ளையை "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் திருப்பி அனுப்ப வேண்டாம். "மதர்போர்டின் மின்சீராக்கி எப்படி? சிப்செட் எது? கோப்புகளுக்குப் படி இருக்கிறதா? இந்த வேகம் எந்த வேலைக்கு?" என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்குக்கும் அவன் தெளிவாக விடை சொன்னால், பணம் கொடுப்பதில் தவறில்லை. நான்காவது கேள்விக்கு மட்டும் விடை வராவிட்டால், நல்ல மதர்போர்டாக ஒன்றை வாங்கிக் கொடுத்து, வேகத்தைக் கம்பெனி சொன்ன அளவிலேயே விட்டுவிடுங்கள். கணிப்பொறி நீண்ட நாள் உழைக்கும்.